சுமி ஜாய் என்ற கல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு வாய் நீளம். பாறசாலை டிப்போவில் கண்டக்டர் வேலை பார்ப்பவளுக்கு வாய் நீளமாக இல்லாவிட்டால் பிழைக்க முடியாது. படிக்கட்டில் தொங்குகிறவனை உள்ளே ஏற்ற மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை என்று கத்திக் கத்தியே என் தொண்டை இப்படி ஆனது. அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டுதான், என் தம்பி மகள் பேரில் வானத்தில் ஒரு கல் சுற்றுகிறது என்று பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லோரிடமும் சொன்னேன். டிக்கெட் கொடுப்பதற்கு முன்பே சொன்னேன். பெருமைப்படாமல் இருக்க நான் என்ன மரக்கட்டையா?

தம்பி ஜாய் சார்ஜாவில் இருக்கிறான். அவன் மனைவி மினியும் ஒரே மகள் சுமியும் கொல்லயிலில், எங்கள் வீட்டை ஒட்டிய வீட்டில். சுமி பிளஸ் டூ படிக்கிறாள். மரச்சீனிக் கிழங்குச் செடியின் இலையில் வரும் நோயைப் போனில் படம் பிடித்தே கண்டுபிடிக்கிற ஒரு வழியை அவள் செய்து, அது பள்ளி, மாவட்டம், டெல்லி என்று ஏறிப் போய், கடைசியில் வெளிநாட்டில் நடந்த ஒரு போட்டியில் பரிசு வாங்கிவிட்டது. அங்கே பரிசு வாங்கும் பிள்ளைகளின் பேரை ஏதாவது ஒரு சின்னக் கோளுக்கு வைப்பார்களாம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் அப்படி லட்சக்கணக்கான கற்கள் சூரியனைச் சுற்றிக்கொண்டே கிடக்கின்றன. அதுவரை வெறும் நம்பராகக் கிடந்த ஒன்றுக்கு ‘சுமிஜாய்’ என்று பேர் வைத்துவிட்டதாக மெயில் வந்தது.

“எவ்வளவு பெரிசு இருக்கும் மக்கா?” என்று கேட்டேன்.

“நம்ம பஞ்சாயத்து அளவு இருக்கும் மாமி” என்றாள் சுமி. “அம்மா, கேட்டியா? கொல்லயில் பஞ்சாயத்து முழுக்க எனக்க பேராக்கும்.”

மினி சிரிக்கவில்லை. அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்ததால் அவளுக்குச் சிரிக்க நேரமில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அறிவிப்புகள் வாசிக்கும்போது, எங்கள் மூத்த அண்ணன் ஞானையன் மைக்கில் இதையும் வாசித்தார். அவர்தான் சபைக் கமிட்டியின் செயலர். மிஷன் காலத்துச் சபை எங்களுடையது. அண்ணனோ அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பாதிரிகளைவிடக் கண்டிப்பு. அவர் வாயால் ஒருவரைப் புகழ்ந்து நான் கேட்டதே இல்லை. “நம்ம குடும்பத்துப் பிள்ளையாக்கும்” என்று அவரே இரண்டு தடவை சொன்னார். சபையே கைதட்டியது. மினி மட்டும் தலையில் போட்டிருந்த முந்தானையை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

எல்லாவற்றுக்கும் திரி கொளுத்தியவள் மேரிக்குட்டி. பொழியூர் கடற்கரையிலிருந்து ஸ்கூட்டரில் மீன் கொண்டுவருகிறவள். பாவம், அவள் மனதில் ஒன்றும் இல்லை. சாளையை எடை போட்டுக்கொண்டே, “கல்லுல பேரா? எங்க கரையில செத்தவியளுக்காக்கும் கல்லுல பேரு வெட்டியது” என்று சொல்லிச் சிரித்துவிட்டு, அடுத்த வீட்டுக்கு ஹாரன் அடித்துக்கொண்டு போய்விட்டாள். மினி மீன் சட்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

அவள் ஏன் நின்றாள் என்று எனக்குத் தெரியும். மினியின் அப்பா இறந்தபோது கல்லறை கட்ட வந்த கொத்தனார், மறுபடியும் வேலை மினக்கெட வேண்டாமே என்று, பக்கத்திலேயே அம்மாவின் பேரையும் வெட்டிவிட்டான். தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தான். குத்துக்கல்லாட்டம் இருந்த மனுஷி, அந்தக் கிறிஸ்துமஸுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஹார்ட் அட்டாக் என்றார்கள். மினி அதை நம்பவில்லை. கல்லில் பேர் ஏறியதால்தான் அம்மா போனாள் என்பது அவள் நெஞ்சில் அன்றே உறைந்துவிட்டது.

அன்று சாயங்காலமே என்னிடம் வந்தாள்.

“மைனி, அது வரும்.”

“எது வரும்?”

“கல்லு. பேருக்குடையவளத் தேடி வரும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எடீ மினி, நான் சொல்லியதக் கேளு. நம்ம வெள்ளறடை பஸ்சு என்னைக்காவது வழி மாறி கொல்லத்துக்குப் போயிருக்கா? அதுக்கு ஒரு ரூட்டு உண்டு. அந்தக் கல்லுக்கும் ரூட்டு உண்டு. உலகம் உண்டான நாள் தொட்டு அதே வட்டத்துல சுத்திட்டுக் கெடக்கு. இனியும் கெடக்கும்.”

“பஸ்சு பிரேக் போயி வயலுல விழுந்ததில்லியா மைனி?”

விழுந்திருக்கிறது, எனக்குத் தெரிந்தே விழுந்திருக்கிறது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பயம் குடியேறியது. மினி எந்நேரமும் போனும் கையுமாக இருந்தாள். அந்தப் போனும் ஒரு சனியன், நாம் எதைப் பார்த்துப் பயப்படுகிறோமோ அதையே தேடித் தேடிக் கொண்டுவந்து கொடுக்கும். நெருப்புக் கட்டியாக எரிந்து விழும் கற்கள், கடல் எழும்பி வருவது, ஓடுகிற ஜனங்கள், பின்னணியில் ஒரு மலையாள அண்ணனின் நடுங்கும் குரல். ஒருநாள் டிவியில், வேறு ஏதோ ஒரு கல் பூமிக்கு அப்பால் எங்கேயோ கடந்து போகிறது என்று செய்தி வந்தது. சுமி, “அது வேற கல்லும்மா, எனக்கதில்ல” என்று தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தாள். மினி கேட்கவில்லை. ஓடு போட்ட முன்னறையில் கிடந்த சுமியின் கட்டிலை இழுத்து, கான்கிரீட் போட்ட பின்னறைக்குக் கொண்டுபோனாள். முற்றத்தில் நின்று தலை துவட்டக்கூடப் பிள்ளையை விடவில்லை.

“பஞ்சாயத்து அளவு கல்லு விழுந்தா கான்கிரீட்டு என்ன செய்யும் அம்மா?” என்று சுமி சிரித்தாள். அப்புறம் அவளும் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அம்மா சோறு தின்னாமல் எலும்பும் தோலுமாக ஆவதைப் பார்த்துக்கொண்டு எந்தப் பிள்ளை சிரிக்கும்? அந்த வாரங்களில் அவள் முகத்திலும் ஒரு கலக்கம் வந்து உட்கார்ந்தது. கல்லை நினைத்தல்ல, தாயை நினைத்து.

ஜாயிடம் போனில் சொன்னேன். “நீ ஒண்ணு பேசு, உனக்க பெண்டாட்டிக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு” என்றேன். அவன் பேசினான். ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் ஒருநாள் திடீரென்று எல்லாம் சரியாகிவிட்டது. நான் டியூட்டி முடிந்து வரும்போது மினி முற்றத்தில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். சுமியின் கட்டில் முன்னறைக்குத் திரும்பிவிட்டது. மினி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மரச்சீனியும் மீன்குழம்பும் தந்தாள், தானும் உட்கார்ந்து வயிறாரத் தின்றாள். என் பேச்சு கடைசியில் மண்டையில் ஏறிவிட்டது என்று எனக்குள்ளே ஒரு மிதப்பு. சுமி மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மூலையில் இருந்தாள். ஜலதோஷம் என்றாள்.

அடுத்த வாரம் அவளுக்குத் தலைவலி வந்தது.

சாதாரணத் தலைவலி இல்லை. நெற்றியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “மாமி, ஜன்னலை அடைங்க, வெளிச்சம் குத்துது” என்றாள். குடித்த தண்ணீரும் தங்கவில்லை, எல்லாம் வாந்தி. உடம்பு அனலாகக் கொதித்தது. தலையணையிலிருந்து தலையைத் தூக்கப் பார்த்தேன், கழுத்து மடங்கவில்லை. இந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காய்ச்சலும் கழுத்து விறைப்பும் என்றால் எந்தத் தாய்க்கும் ஒரே ஒரு நினைப்புத்தான் வரும். குளத்துத் தண்ணீர் மூக்கில் ஏறி, அதிலுள்ள அமீபா மூளையைத் தின்கிற அந்த நோய். பஸ்ஸில் பேசாதவர்கள் இல்லை. எங்கள் பிள்ளைகளை வாய்க்காலில் கால் நனைக்கக்கூட நாங்கள் விடுவதில்லை.

பக்கத்திலிருந்த கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே இருந்த டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, குளத்திலோ வாய்க்காலிலோ இறங்கினாளா என்பதைத்தான் முதலில் கேட்டார்.

“மோளு குளத்திலோ தோட்டிலோ குளிச்சோ?”

“இல்ல சாரே” என்றாள் மினி உடனே. “வீட்டுல பைப்புத் தண்ணியாக்கும்.”

டாக்டர் சுமியிடம் குனிந்து திரும்பக் கேட்டார். சுமி கண்ணைச் சுருக்கிக்கொண்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். “இல்ல” என்றாள். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. தண்ணீரில் இறங்கவில்லை என்றால் அந்த நோய் இல்லை, தப்பித்தோம் என்று ஒரு நிமிஷம் உயிர் திரும்பி வந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காக இப்போதும் எனக்கு மினிமேல் ஆத்திரம் உண்டு.

டாக்டர் மெடிக்கல் காலேஜுக்கு எழுதிக் கொடுத்தார். ஆம்புலன்ஸ் நெய்யாற்றின்கரை தாண்டுவதற்குள் சுமியின் பேச்சு குழறியது. என்னைப் பார்த்து “டீச்சர்” என்று கூப்பிட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “மாமியாக்கும் மக்கா, ஜீனா மாமி” என்றேன். அவளுக்கு நான் யார் என்று தெரியவில்லை. கர்த்தாவே, அந்த ஆம்புலன்ஸில் எனக்கு வந்த பயத்தை என் எதிரிக்குக்கூடக் கொடுக்காதேயும்.

ஆஸ்பத்திரியில் இன்னொரு டாக்டர், சின்ன வயசுப் பெண், அதே கேள்வியைத்தான் கேட்டாள். குளம், ஆறு, நீச்சல் தொட்டி, வாட்டர் தீம் பார்க், எதிலாவது இறங்கினாளா? மினி எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று தலையாட்டினாள். முதுகுத்தண்டில் நீர் எடுத்தார்கள். தொற்று உண்டு என்றார்கள், ஆனால் என்ன தொற்று என்று தெரியவில்லை. மூளைக்காய்ச்சலுக்கு வழக்கமாகக் கொடுக்கிற மருந்தை ஏற்றினார்கள். பிள்ளை கண் திறக்கவில்லை. அண்ணன் ஞானையனும் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக வராந்தாவில் நின்று, வேதபுத்தகத்தைத் திறக்காமலே கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் கட்டிலருகே போக எங்களை ஒரு தடவை விட்டார்கள். மினி சுமியின் காதோரம் குனிந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

“எஸ்தரே… எனக்க எஸ்தரே…”

வேதத்தில் வருகிற எஸ்தர் ராணியின் பேரைச் சொல்லி ஜெபிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அப்புறம் அவள், “எஸ்தரே, கண்ணத் தொற மக்கா” என்றாள்.

அது ஜெபம் இல்லை, அந்தப் பேரில் அவள் பிள்ளையைக் கூப்பிடுகிறாள்.

என் பஸ் அமரவிளையைத் தாண்டி உள்ளே போகிற வழியில், பிரதர் சுவாமிதாஸ் என்பவரின் ஜெபக்கூடம் ஒன்று உண்டு. தகரம் மேய்ந்த ஷெட். அங்கே முழுக்கு ஞானஸ்நானம் வாங்கினவர்கள் ஈரத் தலையோடு என் பஸ்ஸில் ஏறுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். காலையில் லதாவாக இறங்கினவள் மதியம் லேயாளாக ஏறுவாள். பழைய மனுஷி தண்ணீரில் செத்தாள், புதுப் பேரோடு எழும்பினாள் என்பது அவர்கள் கணக்கு. தண்ணீரில் முக்காமல் அங்கே யாருக்கும் புதுப் பேர் கிடையாது.

மினியின் கையைப் பிடித்து வராந்தாவின் கடைசிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“எஸ்தரா? ஆருடீ எஸ்தர்?”

அவள் வராந்தாவில் நின்ற அண்ணன் பக்கம் பார்த்தாள்.

“எங்க வச்சு முக்கினாரு? பறையெடீ! எந்தத் தண்ணியில?”

“பாறமடையில” என்றாள்.

பாறை வெட்டியெடுத்துவிட்டுக் கைவிட்ட பள்ளம். மழைத்தண்ணீர் தேங்கி, வெயிலில் வெந்து, பச்சை பிடித்துக் கிடக்கும். மாடு கழுவக்கூட யோசிப்பார்கள்.

“பிரதர் சொன்னாரு மைனி. பேரு மாறினா கல்லு ஆரத் தேடி வரும்? பழைய பேரு தண்ணியோட போயிரும், அதுக்குப் பொறவு அந்தப் பேருக்கு ஒரு ஆளு பூமியில இல்லன்னு சொன்னாரு. பிள்ள ஒத்துக்கவே இல்ல. நான் அவளுக்க காலப் பிடிச்சேன் மைனி. பெத்த பிள்ளைக்க காலப் பிடிச்சேன். அதுக்குப் பொறவுதான் வந்தா. ஆருகிட்டயும் பறையாதன்னு சத்தியம் வாங்கினேன்.”

அப்போதுதான் கிளினிக்கில் சுமி அம்மாவின் முகத்தைப் பார்த்தது எனக்குப் புரிந்தது. அந்தப் பிள்ளை தாய்க்குக் கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

“வா, டாக்டர்கிட்ட சொல்லு.”

“அய்யோ வேண்டாம்!” அவள் என் காலில் விழுந்துவிட்டாள். “மூத்த அத்தான் அங்க நிக்காரு. மனுவுக்க குடும்பத்துக்கு என்ன செஞ்சினும்னு நிங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். எங்கள் சபையில் குழந்தைக்குத் தண்ணீர் தெளித்துக் கொடுக்கிற ஞானஸ்நானம் ஒன்றுதான். இரண்டாவது தடவை முங்கினால் முதலாவதை மிதித்ததாக அர்த்தம். எங்கள் சபையிலேயே இருந்த மனுவின் வீட்டார் அப்படி முங்கினார்கள் என்று தெரிந்ததும், பேர்களை நீக்கிவிட்டதாக மைக்கில் வாசித்தது அண்ணன்தான். மனுவின் அம்மா இறந்தபோது கோயில் மணி அடிக்கவில்லை, கல்லறைத் தோட்டத்து வாசல் திறக்கவில்லை. அந்தச் சவத்தை எங்கே கொண்டுபோனார்கள் என்று நாங்கள் யாரும் கேட்கக்கூட இல்லை.

“எனக்க அம்மையும் அப்பனும் அங்க கெடக்கினும். என்னையும் பிள்ளையையும் வெளியில தள்ளினா நாங்க எங்க போவோம்? ஜாய் என்ன வச்சிட்டிருப்பாரா?”

“சவமே! பிள்ள செத்தா எந்தக் கல்லறையில அடக்கினா என்னடீ!” என்று கத்தினேன். அப்படி ஒரு வார்த்தை என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவளை உதறிவிட்டு, பஸ்ஸில் கத்துகிற அதே தொண்டையில், “டாக்டரே!” என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் வந்தாள். அண்ணனும் பின்னாலேயே வந்தார். நான் மூச்சிரைக்கச் சொல்லிவிட்டேன்: பாறைமடைத் தண்ணீரில் முங்கியிருக்கிறாள், போன வாரம்.

டாக்டர் மினியைப் பார்த்தாள். மினி அண்ணனைப் பார்த்தாள். பிறகு, நான் சாகும்வரை மறக்காதபடி, “இல்ல டாக்டரே. மைனிக்கு ஒண்ணும் தெரியாது. பச்சப் பொய்யாக்கும்” என்றாள்.

என் பிள்ளையைப்போல வளர்ந்த பிள்ளை உள்ளே கிடக்கிறது, தாய்க்காரி இங்கே நின்று மூன்றாவது தடவையாக அதன் உயிரை மறுக்கிறாள். அவளை அறைந்துவிடுவேன் என்று நினைத்தேன். ஆனால் அவள் கண்ணைப் பார்த்தேன். பயத்தில் இருக்கிற ஆளுக்கு அறிவு கிடையாது, காதும் கிடையாது. கல்லுக்குப் பயந்தாள், அதிலிருந்து தப்பிக்கத் தண்ணீரில் இறங்கினாள், இப்போது எங்களுக்குப் பயப்படுகிறாள். பெற்ற பிள்ளையின் உயிரைக்கூட அந்தப் பயம் மறைத்துவிட்டது.

“ஏதா சரி?” என்றாள் டாக்டர், எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து. “எனிக்கு சமயமில்ல. ஆரெங்கிலும் சத்யம் பறயணம்.” யாராவது ஒருவர் உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும்.

அண்ணன் முன்னால் வந்தார். கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது.

“முக்கினதாக்கும் டாக்டர்” என்றார். “பாறமடையில முக்கினதாக்கும். என்கிட்ட கேட்டிட்டுத்தான் செஞ்சினும். நான் சம்மதிச்சேன்.”

அண்ணன் பொய் சொல்லி அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். மினி அவரை வெறித்துப் பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பி, “சொல்லு மக்கா. பேடிக்காத. சர்ச்சு அங்க நிக்கும். பிள்ள நிக்கணும்” என்றார்.

அதற்குப் பிறகு அணை உடைந்ததுபோல அவளிடமிருந்து எல்லாம் வந்தது. எந்த இடம், எவ்வளவு நேரம், பிரதர் சுமியின் தலையைப் பின்னால் சாய்த்து முக்கியபோது அவள் திமிறியது, மூக்கு வழியாகத் தண்ணீர் ஏறி இருமிக்கொண்டே எழுந்தது, வீடு வரும்வரை மூக்கு எரிகிறது என்று சொன்னது. டாக்டர் முழுவதையும் கேட்கக்கூட நிற்கவில்லை. மூக்கு என்ற வார்த்தையைக் கேட்டதுமே உள்ளே ஓடினாள்.

மறுபடியும் முதுகுத்தண்டில் நீர் எடுத்து, சூடு ஆறுவதற்குள் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். திரும்பி வந்த டாக்டரின் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. அது அங்கே இருக்கிறது, அசைகிறது, கண்ணால் பார்த்தோம் என்றாள். அந்த வார்த்தைதான் எனக்கு இன்னும் தூக்கத்தைக் கெடுக்கிறது. எங்கள் பிள்ளையின் தலைக்குள் ஒன்று அசைகிறது. மருந்து உண்டு, கையிலேயே உண்டு, இப்போதே தொடங்குகிறோம் என்றாள். பிழைத்தவர்களும் இருக்கிறார்கள் என்றாள். எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியமில்லை.

மருந்து ஏறியது. நாங்கள் வராந்தாவில் கிடந்தோம். ஜாய் விமானத்துக்கு அலைந்துகொண்டிருந்தான். அண்ணன் டீ வாங்கிக்கொண்டு வந்து மினிக்கு முதலில் கொடுப்பார், அவள் குடிக்கும்வரை நிற்பார். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. ஜெபம் செய்யும்படி அவரிடம் கேட்டேன். அவர் கண்ணை மூடினார், உதட்டை அசைத்தார், சத்தம் வரவில்லை. எனக்கு அவரைப் பார்த்தும் பயமாக இருந்தது. எங்கள் குடும்பத்தில் பயப்படாத ஒரே ஆள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தது அவரைத்தான்.

ஒவ்வொரு தடவை ஐசியூ கதவு திறக்கும்போதும், யார் பேரைக் கூப்பிடுவார்களோ என்று எல்லோரும் எழுந்து நிற்போம். எங்கள் பக்கத்தில் இருந்த ஒரு குடும்பம் அப்படி எழுந்து நின்று, அழுதுகொண்டே போனது. அந்த இடம் காலியாகக் கிடந்தது. அங்கே யாரும் உட்காரவில்லை.

காய்ச்சல் குறையத் தொடங்கிய ஒரு காலை, டாக்டர் மினியை உள்ளே கூப்பிட்டாள். மினியின் தோளைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். மயக்க மருந்தை நிறுத்திவிட்டோம், ஆனால் பிள்ளை இன்னும் ஒன்றுக்கும் திரும்பவில்லை, அம்மாவின் குரலுக்குத் திரும்புகிறாளா என்று பார்க்கவேண்டும், பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் கண் மானிட்டரில் இருந்தது. திரும்பவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவள் சொல்லவேண்டிய தேவையே இல்லை.

சுமி எலும்புக்கூடாகக் கிடந்தாள். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்.

“எஸ்தரே” என்றாள் மினி.

ஒன்றும் இல்லை.

“எஸ்தரே, மக்கா, அம்மையாக்கும்.”

இமைகூட அசையவில்லை. டாக்டர் என்னைப் பார்த்தாள். கேஸ் ஷீட்டில் இருக்கிற பேர் வேறு அல்லவா.

“அவளுக்க பேரச் சொல்லு மினி” என்றேன்.

அவள் என் கையை இறுக்கினாள். நகம் தோலில் இறங்கியது. “விளிச்சா அது கேக்கும் மைனி.”

“எது?”

அவள் மேலே பார்த்தாள். ஐசியூவின் வெள்ளைக் கூரை. அதற்கு மேலே இன்னும் எத்தனையோ மாடி, அதற்கு மேலே வானம், அதற்கும் அப்பால் அவள் பிள்ளையின் பேரைச் சுமந்துகொண்டு ஒரு பஞ்சாயத்து அளவு கல். சத்தியமாகச் சொல்கிறேன், நாலு பேருக்கு ரூட் சொல்லிக் கொடுக்கிற நானும் அந்த நேரத்தில் கூரையைப் பார்த்தேன்.

“எஸ்தர்னு ஒருத்தியை அவளுக்குத் தெரியாது” என்றேன். “உனக்க மவ சுமியாக்கும். வேற ஆரும் இல்ல. விளி.”

மினி கண்ணை இறுக்க மூடினாள். பிறகு கூப்பிட்டாள். அது முணுமுணுப்பு இல்லை. வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி, என் தொண்டையையும் தோற்கடிக்கிற குரலில்.

“சுமீ! எடீ சுமி! சுமி ஜாய்!”

கூப்பிட்ட அதே நொடியில், நாங்கள் தடுப்பதற்குள், பிள்ளையின்மேல் கவிழ்ந்து விழுந்துவிட்டாள். இரண்டு கையாலும் சுமியின் தலையைப் பொத்தி, முதுகை மேலே காட்டிக்கொண்டு, வருவது தன்மேல் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். நர்ஸ் ஓடிவந்தாள். “டியூப்! டியூப் போகும்! எழுந்திரிங்க சேச்சி!” நானும் அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை. அவ்வளவு ஒல்லியான உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

அப்போது அவள் அடியிலிருந்து, மாஸ்க்குக்குள்ளிருந்து, ஒரு கரகரத்த சின்னக் குரல் கேட்டது.

“அம்மா… தள்ளு. மூச்சு முட்டுது.”